புறாபாபு பேசிய வங்காளம்

தெரியாத பாஷையைக் கூச்சப்படாமல் பேசுவது நல்ல குணம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் யாரும் எங்கள் புறாபாபுவைப் பார்த்ததில்லை.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள், அவர்களை ஏன் சங்கடப்படுத்த வேண்டும். அப்பா வேலை பார்த்த மத்திய அரசு அலுவலகத்தில் அவர் தலைமைக் குமாஸ்தா. வங்காளத்தில் தலைமைக் குமாஸ்தாவைப் 'பொரோபாபு' என்பார்கள். பெரிய பாபு என்று பொருள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து கல்கத்தாவில் பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்ட அவருக்கு அந்தப் பட்டத்தின்மீது அப்படி ஒரு மோகம். அலுவலகத்தில் அழைப்பது போதாதென்று வீட்டிலும் எல்லாரும் அப்படியே அழைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். காளிகாட் சந்தில் எங்கள் கட்டடத்தில் அவருடையதையும் சேர்த்து ஐந்து தமிழ்க் குடும்பங்கள். ஐந்து வீட்டுப் பெண்களின் வாயிலும் அந்தப் பட்டம் நுழையாமல் 'புறாபாபு' ஆகிவிட்டது. அவருக்கோ இரண்டுக்கும் வித்தியாசம் காதில் விழவில்லை. நெஞ்சைத் தள்ளி, கழுத்தை உள்ளே இழுத்து, குட்டைக் கால்களால் தத்தித் தத்தி நடக்கிற மனிதர் என்பதால் எங்களுக்கும் அதைத் திருத்தத் தோன்றவில்லை.

அவருடைய தொழில் குமாஸ்தா வேலை என்று அரசாங்கம் நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் அவருடைய தொழில் அடுத்தவர் வாயைப் பிடுங்கிக்கொண்டு பேசுவதுதான். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மின்சார ஆபீஸ், எங்கே யார் போனாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிடுவார். "நீங்க சும்மா இருங்க, நான் பேசுறேன்." இந்த ஒரு வாக்கியத்தை அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட அளவுக்குக் காக்கை கத்தியும் கேட்டதில்லை. அப்புறம் அவர் பேசுவார். எதிரே இருக்கும் வங்காளி முழிப்பார். அவர் ஏதாவது பதில் சொல்வார். புறாபாபு கையை உயர்த்தி, "புஜேச்சி, புஜேச்சி" என்பார். புரிந்துவிட்டது என்று அர்த்தம். அவருக்குச் சுத்தமாகப் புரிந்த ஒரே வங்காளச் சொல் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

வங்காளத்தில் 'க'வில் இரண்டு, 'ப'வில் இரண்டு என்று மூச்சை ஊதியும் ஊதாமலும் சொல்லும் எழுத்துகள் உண்டு. நம் நாக்குக்கு அது பழக்கமில்லை. பழகிக்கொள்ளலாம். நான் அங்கேயே பள்ளிக்கூடம் போனவள், எனக்கு அது தானாக வந்தது. என் அம்மாவுக்கு வரவில்லை, அதனால் அவள் வாயைத் திறக்காமல் விரலால் காட்டிக் காய்கறி வாங்கினாள். அதில் ஒரு மரியாதை இருந்தது. புறாபாபுவுக்கும் வரவில்லை. ஆனால் வரவில்லை என்பதே அவருக்குத் தெரியாது.

கீழ்வீட்டு மாஷிமா, அதாவது எங்கள் வீட்டுக்காரம்மா, ஒரு பூஜை சமயத்தில் குடித்தனக்காரர்கள் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சோற்றுக்கு அங்கே 'பாத்' என்று பெயர், மூச்சை ஊதிச் சொல்லவேண்டும். ஊதாமல் சொன்னால் மூட்டுவாதம். இவர் இலையில் உட்கார்ந்து, தனக்குப் 'பாத்' என்றால் உயிர் என்று மூச்சே விடாமல் மாஷிமாவிடம் சொன்னார். மூட்டுவாதம் என்றால் எனக்கு உயிர். மாஷிமா சற்று நேரம் பார்த்தார். பிறகு இரக்கத்துடன், தனக்கும் இரண்டு முழங்காலிலும் இருக்கிறது என்று தொட்டுக் காட்டினார். "புஜேச்சி," என்றார் இவர். எங்கள் பக்கம் திரும்பி, "அந்த அம்மா வீட்டுல ரெண்டு மூட்டை அரிசி இருக்காம். வேணும்னா வாங்கிக்கச் சொல்லுது" என்று மொழிபெயர்த்தார். அடுத்த நாள் ஒரு வீட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு மாஷிமா வாசலில் போய் நின்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது போதாதென்று வங்காளிகளுக்கே வங்காளம் கற்றுக்கொடுப்பார். அங்கே தண்ணீரைக்கூடக் 'குடிப்பேன்' என்று சொல்லமாட்டார்கள், 'சாப்பிடுவேன்' என்றுதான் சொல்வார்கள். வெற்றிலைக் கடைக்காரரை நிறுத்திவைத்து, "தண்ணியை எவனாவது சாப்பிடுவானா? பல்லால கடிச்சா?" என்று வாதாடியதை நானே பார்த்தேன். கடைக்காரர் கடைசியில் கும்பிடு போட்டுவிட்டு ஒரு வெற்றிலையைச் சும்மா மடித்துக் கொடுத்தார். வாதத்தில் ஜெயித்ததற்குப் பரிசு என்று இவர் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். அப்பாவின் பல் போனபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலது கடைவாயில் வலி. பல் டாக்டரிடம் இவரும் போனார். அப்பா வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் "பாம் திக், பாம் திக்" என்று இடது பக்கத்தைக் காட்டி முழங்கியிருக்கிறார். இடது பக்கத்திலும் ஒரு சொத்தை இருந்தது டாக்டருக்கு வசதியாகப் போயிற்று. பிடுங்கிவிட்டார். "நீங்க ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். அப்பா வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு, "சார் பேசிட்டிருந்தாவ, குறுக்க எப்படிப் பேச?" என்றார். அன்றைக்கு எனக்குப் புறாபாபுமீது எவ்வளவு ஆத்திரம் வந்ததோ அவ்வளவு அப்பாமீதும் வந்தது.

இந்த மனிதரிடம்தான் என் அண்ணனைப் பற்றிய விசாரணை போய்ச் சேர்ந்தது.

வங்கதேசம் பிறந்த குளிர்காலம் அது. அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது, வயது இருபத்திரண்டு. வாரம் ஒரு கடிதம் தவறாமல் எழுதுகிறவன். சண்டைக்கு முன்னாலேயே கடிதம் நின்றுவிட்டது. பிறகு சண்டையும் முடிந்தது. ஜன்னல்களில் ஒட்டியிருந்த கறுப்புத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஊரே இனிப்பு தின்றுகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அம்மா தாளைக் கிழிக்க விடவில்லை. அவன் கடிதம் வந்தபிறகு கிழித்தால் போதும் என்றாள். தபால்காரர் வரும் நேரத்தில் மாடிப்படியில் போய் உட்காருவாள். ஒரு வாய் சோறு உள்ளே போவதற்குள் கை நின்றுவிடும். "அவன் எழுதாம இருக்க மாட்டானேட்டி," என்பாள். அதைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை.

டல்ஹௌசிப் பக்கம் ஓர் அரசாங்கக் கட்டடத்தில் படைவீரர் குடும்பங்களுக்குத் தகவல் சொல்ல ஓர் அறை திறந்திருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா ஒரு நாள் லீவு கேட்டார். புறாபாபு கொடுக்கவில்லை. தணிக்கை நடக்கிறது, ஓர் ஆள் குறைந்தாலும் முடியாது என்றுவிட்டார். பிறகு அதே நாளுக்குத் தானே லீவு எழுதிக்கொண்டார். "நீ போய் என்ன பேசுவ? நான் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போறேன்." தங்கச்சி என்றது என் அம்மாவை. அப்பா கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பிள்ளையைத் தேட அவருடைய மேலதிகாரி கிளம்பினார். இதைச் செய்ய ஒரு மனிதனுக்கு எவ்வளவு தடித்த தோல் வேண்டும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

நான் பி.ஏ. இரண்டாம் வருஷம். அன்றைக்குக் கல்லூரியில் சரித்திரப் பரீட்சை. அந்த நாட்களில் கல்லூரி திறந்திருப்பதே அதிசயம், அதிசயமாகத் திறந்திருந்த நாளில் பரீட்சையை விட்டுவிட்டுக் கூடப் போனேன். எனக்கு வங்காளம் தெரியும், நான் பேசிக்கொள்கிறேன் என்று படியிறங்கும்போதே சொன்னேன்.

"பாப்பா, இது காலேஜ் இல்லை. கவர்மெண்ட் ஆபீஸ். நீ சும்மா இரு, நான் பேசுறேன்."

ரஸ்தா முனையில் டாக்சி பிடித்தார். முன்சீட்டில் அவர், பின்னால் நானும் அம்மாவும். வயதான வங்காளி டிரைவர், காதைச் சுற்றி மஃப்ளர். எங்கே போகவேண்டும் என்று கேட்டார்.

"மிலிட்டரி கொபோர்," என்றார் புறாபாபு.

செய்திக்கு வங்காளத்தில் 'கொபோர்' என்று பெயர். முதல் எழுத்தில் மூச்சை ஊதவேண்டும். கல்லறைக்கும் 'கொபோர்'தான், அதில் ஊதக்கூடாது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் நிற்கும். இவர் வழக்கம்போல் ஊதவில்லை. டிரைவர் திரும்பி ஒரு தடவை அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"கொபோர்? பவானிப்பூர்?" என்றார் மெதுவாக.

பவானிப்பூர் வழியாகப் போகட்டுமா என்று கேட்பதாக இவர் நினைத்துக்கொண்டார். "ஆமா ஆமா, சோலோ," என்றார், அதாவது போகலாம்.

"சார், டல்ஹௌசின்னு சொல்லிடுங்க," என்றேன்.

"டிரைவருக்குத் தெரியும் பாப்பா. நான்தான் பேசிட்டேன்ல? தெருப் பேரைச் சொன்னா மதராசின்னு சுத்தி விடுவான்."

நான் வாயை மூடிக்கொண்டேன். பல்லைப் பறிகொடுத்த அப்பாவின் மகள்தானே. டிரைவர் அன்று ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினார். பத்து நிமிஷத்தில் ஓர் இரும்புக் கதவின் முன்னால் வண்டி நின்றது. டிரைவர் இறங்கி வந்து அம்மா பக்கத்துக் கதவைத் திறந்து, கைகூப்பி நின்றார். கல்கத்தாவில் டாக்சி டிரைவர் கதவைத் திறந்துவிட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

கதவுக்கு அப்பால் வெட்டிவிட்ட புல்தரை. அதில் வரிசை வரிசையாகக் கற்கள், எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம். ஒவ்வொரு கல்லின் தலையிலும் ஒரு பட்டாள முத்திரை. பழைய உலகப்போரில் செத்துப்போன வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம். அதை என்னால் படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அவளுக்குத் தெரிந்தது எண்கள் மட்டும்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். நான் கையைப் பிடிப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். கல்லுக்குக் கல் குனிந்து எதையோ தேடினாள். வயதைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிய இரண்டு மூன்று கற்கள் ஆயின. இருபத்தாறு. பத்தொன்பது. முப்பத்தொன்று. நான்காவது கல்லில் இருபத்திரண்டு என்று இருந்தது. அங்கே நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி," என்றாள். "இதுவா?"

புறாபாபு வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் தவிப்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

"இல்லம்மா. இது நம்ம அண்ணன் இல்ல. இது வெள்ளைக்காரன். வழி தப்பி வந்துட்டோம்," என்று நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். அவள் நம்பவில்லை. கல்லின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரர் பூவாளியோடு வந்து, யாருடைய கொபோர் வேண்டும் என்று கேட்டார். அந்த நிலைமையிலும் இந்த மனிதர் முந்திக்கொண்டு, "எங்க பையனோட கொபோர்," என்றார் வங்காளத்தில். தோட்டக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார். இங்கே புதிதாக யாரையும் புதைப்பதில்லையே, எந்தப் பட்டாளம், எப்போது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

என் பொறுமை அறுந்தது. "கல்லறை வேண்டாம்! எங்களுக்குச் செய்தி வேண்டும், செய்தி!" என்று வங்காளத்தில் கத்தினேன். அந்த இடத்தில் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

தோட்டக்காரருக்கு விஷயம் விளங்கியது. அவர் சிரிக்கவில்லை, அது பெரிய மனசு. புறாபாபுவின் கையைப் பிடித்து, உள்ளங்கையை அவர் வாய்க்கு முன்னால் நிறுத்தினார். கல்லைக் காட்டி "கொபோர்" என்றார், மூச்சில்லாமல். பிறகு தன் உள்ளங்கையில் ஊதி "கொபோர்" என்றார், செய்தி. இரண்டு மூன்று தடவை சொல்லவைத்தார். பெரிய பாபு, மத்திய அரசின் தலைமைக் குமாஸ்தா, கல்லறைகளுக்கு நடுவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக நின்று கையில் ஊதிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட மூச்சு வரவில்லை.

வண்டிக்குத் திரும்பும்போதே நெஞ்சு மறுபடி முன்னால் தள்ளிக்கொண்டது. "நான் வேணும்னுதான் தங்கச்சி முதல்ல இங்க கூட்டிட்டு வந்தேன். இங்க அவன் பேர் இல்லைன்னு கண்ணால பாத்துட்டோம் பாருங்க. இனி சந்தேகமே இல்லை."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பட்டாளத்துல பொதைச்சிருவாவளோ?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள். அவர் கழுத்தை நெரிக்கவேண்டும்போல் இருந்தது எனக்கு.

டல்ஹௌசி என்று இந்தத் தடவை நானே சொன்னேன். டிரைவர் நெற்றியில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். வழியெல்லாம் முன்சீட்டில் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சௌரங்கி தாண்டும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி ஒரு தடவை சொன்னார். கண்ணாடியில் லேசாக ஆவி படிந்தது. கிழட்டு வயதில் இந்தக் கூத்து வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

அரசாங்கக் கட்டடத்தில் அகலமான மரப்படிகள். முதல் மாடி வராந்தாவில் பெஞ்சுகள் போதாமல் ஜனம் தரையில் உட்கார்ந்திருந்தது. மலைப்பக்கத்து ஆட்கள், ஒரு வயதான சீக்கியர், மடியில் குழந்தையோடு ஒரு வங்காளப் பெண். யாரும் யாரோடும் பேசவில்லை. புறாபாபுவைத் தவிர. அவர் வரிசையில் நின்றவர்களை ஒழுங்குபடுத்தினார், கதவோரம் நின்ற பியூனிடம் தன் பதவியைச் சொன்னார். பியூன் மதிக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எங்கள் முறை வந்தது.

மேஜைக்குப் பின்னால் சால்வை போர்த்திய ஒரு குமாஸ்தா. முன்னால் தட்டச்சுத் தாள்கள் கட்டுக் கட்டாக. நான் முன்னே போனேன். ஒரு கை என்னைத் தோளைப் பிடித்துப் பின்னால் நிறுத்தியது. யார் கை என்று சொல்லவேண்டியதில்லை. அம்மா எனக்கும் பின்னால்.

புறாபாபு அண்ணனின் எண்ணையும் பெயரையும் யூனிட்டையும் சொன்னார். "இவனோட கொபோர் வேணும்," என்றார் வங்காளத்தில். மூச்சு ஊதித்தான் சொன்னார். குமாஸ்தா மறுபடி கேட்கவில்லை. தாள்களைப் புரட்டினார், மூன்றாவது கட்டில் நின்றார், இன்னொரு கட்டோடு ஒத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அந்த யூனிட்டிலிருந்து யாரைப் பற்றியும் செய்தி வரவில்லை. ஆற்றைக் கடக்கும்போது பலத்த சேதம் என்று கேள்வி. வீட்டில் மனத்தைத் தயார்செய்துகொள்ளச் சொல்லுங்கள். "கோனோ கொபோர் நேய்." எந்தச் செய்தியும் இல்லை.

"புஜேச்சி," என்றார் புறாபாபு.

அம்மாவுக்கு அந்தப் பேச்சில் ஒரு சொல் தெரிந்திருந்தது. காலையில் கல்லைக் காட்டிக் காட்டிச் சொன்ன சொல். அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, கொபோருங்காவளே. கல்லா?"

புறாபாபு திரும்பினார்.

"நேய்னு சொன்னாரு தங்கச்சி. நேய்ன்னா இல்லைன்னு அர்த்தம். கொபோர் நேய். கல்லறை இல்லையாம். பையன் இருக்கான். வாங்க போவோம்."

வராந்தா முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னார். அம்மா குமாஸ்தாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். தாள்களுக்கு மேல் அவர் முகம் குழம்பிப்போயிற்று. நான் பக்கத்திலேயே நின்றேன். இந்த முட்டாள் மறுபடியும் உளறிவிட்டார் என்று நினைத்தேன். திருத்தவேண்டியது என் வேலை. கட்டடத்தை விட்டு வெளியே வரும்வரை சமயம் பார்த்தேன், டிராமில் பார்த்தேன், வீட்டு வாசலில் பார்த்தேன். சொல்லவில்லை. அம்மா முகத்தில் அப்படி ஒரு தெளிவு வந்திருந்தது. அதைவிட, எனக்கே அந்தத் தப்பான மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஜன்னல் தாளைக் கிழித்தாள். குளித்துவிட்டுச் சோறு வடித்து, புளிக்குழம்பு வைத்து, இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அண்ணனின் கம்பளிச் சட்டையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டாள். பக்கத்து வீடுகளுக்குப் போய், "கொபோர் இல்லையாம், அண்ணாச்சி விசாரிச்சாவ," என்று சொல்லிவிட்டு வந்தாள். புறாபாபு எதிர்ப்பட்டால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றாள். அவரும் அந்த மரியாதையை ஆனந்தமாக வாங்கிக்கொண்டார். எட்டு நாள் அம்மா நன்றாகத் தூங்கினாள்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தந்தியைக் கீழே வாசலில் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அங்கேயே பிரித்தேன். அண்ணன் இறந்துவிட்டான். கடைசிக் காரியங்களை அங்கேயே முடித்துவிட்டார்கள். நான்கு வரி. மேலே அம்மா யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. நான் படியேறாமல் அங்கேயே நின்றேன்.

புறாபாபு காய்கறிப் பையோடு பஜாரிலிருந்து வந்தார். என் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பையைக் கீழே வைத்தார்.

"நீ சும்மா இரு பாப்பா," என்றார். "நான் பேசுறேன்."

அவர் படியேறிப் போனார். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் அந்த வாக்கியத்தை நான் மனத்துக்குள்கூட எதிர்க்கவில்லை. பிறகு அம்மாவின் குரல் கேட்டது.

நான் மேலே போனபோது ஐந்து வீட்டாரும் எங்கள் வாசலில் கூடியிருந்தார்கள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா புறாபாபுவின் சட்டையை நெஞ்சோடு பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "கொபோர் இல்லேன்னீரே! இருக்கான்னீரே! எம்பிள்ளை எரிஞ்சு போயிட்டானே, நான் சோறு தின்னுட்டுக் கெடந்தேனே!" பொத்தான் தெறித்து விழுந்தது. அவர் கையை எடுத்துவிடவில்லை. அப்போது அம்மா என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, நீயும் கூடத்தான இருந்த? ஒனக்கு அவன் பாஷை தெரியுமே. அன்னைக்கு அவன் என்ன சொன்னான்?"

நான் புறாபாபுவைப் பார்த்தேன்.

"பாப்பா தள்ளி நின்னுச்சு தங்கச்சி," என்றார் புறாபாபு. "அது காதுல விழலை. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். செய்தி இல்லைன்னு சொல்லியிருக்கான், நான் கல்லறை இல்லைன்னு நெனைச்சுட்டேன். எனக்கு... எனக்கு பெங்காலி தெரியாது."

பதினெட்டு வருஷத்தில் யாரும் அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதில்லை. வாசலில் நின்ற ஐந்து வீட்டாரும் கேட்டார்கள். என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப்பின் அவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்கவேண்டாம். அடுத்த மாதமே டிராமில் கண்டக்டரிடம் சண்டை போட்டு, "புஜேச்சி" என்று கையை உயர்த்தி, தப்பான நிறுத்தத்தில் இறங்கினார். அப்பாவுக்குச் சேரவேண்டிய பதவி உயர்வை ஒரு வருஷம் இழுத்தடித்தார். நாகபுரிக்கு மாற்றலாகிப் போனபோது பிரிவுபசாரக் கூட்டத்தில் வங்காளத்தில் பேசி, எல்லாரையும் சிரிக்கவைத்தார், என்னையும் சேர்த்து. அந்த நாளைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்கவில்லை. குமாஸ்தாவிடம் அவர் மூச்சு ஊதிச் சரியாகச் சொன்னதை என் காதால் கேட்டேன். அது எனக்கு உறைக்க நாலைந்து வருஷம் ஆயிற்று. உறைத்தபிறகும் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், நீ எப்படிக் கேட்டாய் என்று அடுத்த கேள்வி வரும்.

அம்மா கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை. அப்புறம் அண்ணாச்சி என்று அவள் சொன்னதே இல்லை. போன வருஷம், இறப்பதற்குச் சில நாள் முன்னால், படுக்கையில் கிடந்தபடி தானாகவே பேச்செடுத்தாள்.

"அந்தப் புறாபாபுக்கு ஒரு எழவும் தெரியாதுட்டி. எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசிட்டுத் திரிஞ்சான். என்னா?"

"ஆமாம்மா," என்றேன். "ஒண்ணும் தெரியாது."